மூச்சை அடக்காதே: ஸ்கூபா பயிற்சி விதிகளும் அவற்றைப் பிறப்பித்த விபத்துகளும்

முத்துக்குளித்தலும் சங்குகுளித்தலும் நடந்த நம் கரைகளில் கடலுக்கடியில் போவது என்றாலே மூச்சடக்குவது என்றுதான் பொருள். யார் அதிக நேரம் தம் கட்டுகிறாரோ அவரே தேர்ந்த குளியாளர். முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி இறங்கும் ஸ்கூபா வகுப்பில் முதல் நாள் சொல்லித்தரும் முதல் விதியோ இதற்கு நேர் எதிரானது. எந்த நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது. இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

காரணம் காற்று எங்கே நிரம்புகிறது என்பதில் இருக்கிறது. சங்குகுளிப்பவர் கரைமட்டத்தில் 6 லிட்டர் காற்றை இழுத்துக்கொண்டு இறங்குகிறார். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகிறது, காற்று 3 லிட்டராகச் சுருங்குகிறது. மேலே வரும்போது மறுபடி 6 லிட்டர். நுரையீரல் தன் அளவைத் தாண்டுவதே இல்லை. ஸ்கூபா டைவருக்கு, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் என்ற கருவி அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைக் கொடுக்கிறது. 10 மீட்டரில் அவர் நெஞ்சு நிறைய இழுப்பது முழு 6 லிட்டர். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரலின் நுண்ணறைகள் கிழிந்து, காற்றுக் குமிழ்கள் ரத்தக்குழாய்க்குள் புகுந்து, நேரே மூளைக்குப் போகும். டைவர் நீர்மட்டத்துக்கு வந்த சில நிமிடங்களுக்குள் நினைவிழப்பார். ஒரு பக்கம் செயலிழக்கும்.

இதற்கு ஆழ்கடல் தேவையில்லை. முழு மூச்சோடு ஒன்றேகால் மீட்டர் ஏறினாலே நுரையீரல் கிழியப் போதும். ஆகவே நீச்சல்குளத்தில் நடக்கும் முதல் வகுப்பும் ஆபத்தில்லாத வகுப்பு அல்ல. அழுத்தத்தை ‘பார்’ என்ற அலகில் சொல்வார்கள்; நீர்மட்டத்தில் ஏறக்குறைய 1 பார். 30 மீட்டரிலிருந்து 20க்கு வரும்போது அழுத்தம் 4 பாரிலிருந்து 3 ஆகிறது. 10 மீட்டரிலிருந்து மேலே வரும்போது 2 பாரிலிருந்து 1 ஆகிறது. ஏறும் தூரம் ஒன்றே, விரிவு வேறு. கடைசிப் பத்து மீட்டர்தான் டைவில் மிகக் கவனமாகக் கடக்க வேண்டிய பகுதி என்பதைப் புதியவர்கள் எளிதில் நம்புவதில்லை.

ஸ்கூபா பயிற்சியில் செய்யச் சொல்லும் ஒவ்வொன்றும் இப்படி ஒரு குறிப்பிட்ட சாவுக்குப் போடப்பட்ட தடுப்பு. எந்தப் பயிற்சி எந்தச் சாவைத் தடுக்கிறது என்று தெரிந்தால், அவசரத்தில் ஒரு பயிற்சியை விட்டுவிடும்போது எந்தக் கதவைத் திறந்து வைக்கிறோம் என்பதும் தெரியும்.

விதிகளை யார் எழுதினார்கள்

ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் 1943இல் நீருக்கடியில் மூச்சுவிட உதவும் அக்வா-லங் கருவியை உருவாக்கினார்கள். போர் முடிந்தபின் அது கடைகளில் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர் கற்றாரா என்று கேட்க அப்போது ஆளில்லை. 1950களில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டக் கடற்கரைக் காவலர்கள் முறையான வகுப்பைத் தொடங்கினார்கள். பிரிட்டனில் பி.எஸ்.ஏ.சி. என்ற டைவர் சங்கம் 1953இல் அமைந்தது. சி.எம்.ஏ.எஸ். 1959, நவ்வி 1960, பாடி 1966, எஸ்.எஸ்.ஐ. 1970 என்று அமைப்புகள் வரிசையாக வந்தன. இவை எதுவும் அரசு அமைப்பு அல்ல. நம் ஊரில் ‘ஸ்கூபா லைசென்ஸ்’ என்று சொல்வது உண்மையில் இவற்றில் ஒன்று கொடுக்கும் பயிற்சிச் சான்றிதழ்தான்.

இந்த அமைப்புகளுக்கு இடையே போட்டி உண்டு, ஆனாலும் அடித்தளம் பொதுவானது. ஐ.எஸ்.ஓ. 24801 என்ற சர்வதேசத் தரம் 2007இல் வெளியாகி 2014இல் திருத்தப்பட்டது. அது டைவரை மூன்று நிலையாகப் பிரிக்கிறது. முதல் நிலை, மேற்பார்வையில் மட்டும் இறங்குபவர். 12 மீட்டர் வரை. இவர்களை அழைத்துப் போகும் தலைவருக்கு அதிகபட்சம் நான்கு பேர். டைவின் எந்த நொடியிலும் அந்த நால்வரில் எவரையும் கையால் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் தலைவர் இருக்க வேண்டும் என்று தரம் சொல்கிறது. இரண்டாம் நிலை, தானாக இறங்கக்கூடியவர். 20 மீட்டர் வரை, தன் நிலையில் உள்ள இன்னொருவரோடு. பரவலாக அறியப்பட்ட ‘ஓப்பன் வாட்டர்’ சான்றிதழ் இந்த இரண்டாம் நிலைக்கு இணையானது. பல அமைப்புகள் அதற்கு 18 மீட்டர் வரம்பு வைக்கின்றன. மூன்றாம் நிலை, பிறரை வழிநடத்துபவர். பயிற்றுநருக்கு 24802, டைவ் நடத்தும் நிறுவனத்துக்கு 24803 என்று தனித்தனித் தரங்கள் உண்டு.

இரண்டாம் நிலைச் சான்றிதழில் எழுதியிருக்கும் ஒரு நிபந்தனையைப் பலர் படிப்பதே இல்லை. பயிற்சி பெற்ற சூழலுக்கு இணையான, அல்லது அதைவிட எளிதான சூழலில் மட்டுமே அவர் தானாக இறங்கத் தகுதி பெற்றவர். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் தெளிந்த நீரில் கற்றவர் புதுச்சேரியின் கலங்கல் நீரிலோ, நீரோட்டம் இழுக்கும் ஒரு பாறைத்திட்டிலோ இறங்கினால், சான்றிதழ் கையில் இருந்தாலும் அந்த இடத்துக்கு அவர் புதியவர்தான். வழிகாட்டியோடு தொடங்குவதே முறை.

தரங்களில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது ஒன்று உண்டு. இந்தச் சான்றிதழ்களில் பெரும்பாலானவை காலாவதி ஆவதில்லை. 2014இல் நான்கு டைவ் செய்து அட்டை வாங்கியவர், அதன்பின் ஒருமுறைகூட இறங்காமல், இன்று அதே அட்டையைக் காட்டிப் படகில் ஏறலாம். ஆறு மாதமோ ஓர் ஆண்டோ இடைவெளி விட்டால் மறுபயிற்சி எடுக்கச் சொல்கிறார்கள், ஆனால் கட்டாயப்படுத்துவதில்லை. கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்று கேட்டு, டைவ்களைக் குறித்துவைக்கும் லாக் புத்தகத்தை வாங்கிப் பார்க்கும் நிறுவனம் நல்ல நிறுவனம். கேட்டதற்காகக் கோபப்படாதீர்கள்.

947 மரணங்கள் சொன்னது

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1980இல் தொடங்கிய ‘டான்’ அமைப்பு டைவிங் விபத்துகளைப் பதிவு செய்து ஆராய்கிறது. 1992 முதல் 2003 வரை நடந்த 947 பொழுதுபோக்கு ஸ்கூபா மரணங்களை அதன் ஆய்வாளர்கள் 2008இல் பகுத்தார்கள். மரணச் சான்றிதழில் பெரும்பாலும் ‘மூழ்கி இறந்தார்’ என்றுதான் இருக்கும். மூழ்கியதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதே அவர்கள் கேள்வி. ஆகவே ஒவ்வொரு மரணத்தையும் தொடக்கம், ஆபத்தாக்கிய செயல், செயலிழக்கச் செய்த காயம், சாவு என்று நான்கு கண்ணிகளாகப் பிரித்தார்கள்.

காரணம் கண்டறிய முடிந்தவற்றில் 41 சதவீதம் காற்றுப் பற்றாக்குறையில் தொடங்கியிருக்கிறது. எதிலாவது சிக்கிக்கொண்டது 20 சதவீதம், கருவிச் சிக்கல் 15 சதவீதம். அடுத்த கண்ணியில் அவசரமாக மேலேறியது 55 சதவீதம். செயலிழக்கச் செய்த காயங்களில் மூச்சுத்திணறல் 33, ரத்தத்தில் காற்றுக்குமிழ் 29, இதயம் 26 சதவீதம். சுறா போன்ற நாம் பயப்படும் எவையும் இந்தப் பட்டியலின் மேல்பகுதியில் இல்லை. சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் பிரஷர் கேஜின் ஊசியைப் பார்க்காமல் விட்டதில்தான் பல கதைகள் தொடங்குகின்றன.

70 பாரில் திரும்பு என்பதன் கணக்கு

‘சிலிண்டரில் 50 பார் மிச்சத்தோடு படகுக்கு வா’ என்று வகுப்பில் சொல்வார்கள். எங்கே திரும்பினால் 50 பாரோடு வர முடியும் என்பதைச் சிலரே கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

நம் பகுதிகளில் பரவலாகப் பயன்படுவது 11.1 லிட்டர் அலுமினியச் சிலிண்டர். 200 பாருக்கு நிரப்பினால் சுமார் 2,200 லிட்டர் காற்று. அமைதியான டைவர் கரைமட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் எடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 பார், அங்கே அவர் செலவு நிமிடத்துக்கு 56 லிட்டர். 50 பாரை ஒதுக்கிவிட்டு மீதி 150 பாரை எடுத்தால் 1,665 லிட்டர், அதாவது 30 நிமிடம். 30 மீட்டரில் அதே காற்று 20 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவே தாங்கும், அவ்வளவுதான்: நிமிடத்துக்கு 80 லிட்டர்.

இப்போது 18 மீட்டரில் ஜோடி டைவரின் காற்று தீர்ந்துவிட்டது. இருவரும் ஒரே சிலிண்டரில் மூச்சுவிட்டு மேலே வர வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று கொள்ளலாம், இருவருக்கும் 60. நிலைமையைப் புரிந்து, மாற்று ரெகுலேட்டரைக் கொடுத்து, கையைப் பிடித்து நிதானத்துக்கு வர ஒரு நிமிடம்: 168 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் வரை ஏற ஒன்றரை நிமிடம்: சுமார் 195 லிட்டர். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம்: 270 லிட்டர். மிச்ச 5 மீட்டருக்கு ஒரு நிமிடம்: 75 லிட்டர். கூட்டினால் 700 லிட்டருக்கு மேல். 11.1ஆல் வகுத்தால் 64 பார்.

50 பாரில்தான் மேலேற நினைக்கிறவரிடம் தனக்கு மட்டும் போதுமான காற்று இருக்கிறது. இன்னொருவரைக் காப்பாற்றுமளவுக்கு இல்லை. 18 மீட்டரில் 70 பார் காட்டும்போதே ஏறத் தொடங்க வேண்டும். ஆழம் கூடினால் அந்த எண்ணும் கூடும். இந்தக் கணக்கைப் படகிலேயே போட்டு, எண்ணை ஜோடியிடம் சொல்லி, கீழே போனபின் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் ஊசியை மற்றவர் கேட்டுக்கொண்டால் அந்த 41 சதவீதத்தின் பெரும்பகுதி தொடங்கவே தொடங்காது.

காற்றைப் பகிரும் முறையும் விபத்துகளால் மாறியது. முன்பு ஒருவருக்கு ஒரே வாய்க்குழல்தான் இருந்தது. ‘நீ இரண்டு மூச்சு, நான் இரண்டு மூச்சு’ என்று மாற்றி மாற்றிக் கொடுக்கக் கற்பித்தார்கள். குளத்தில் இது அழகாக நடக்கும்; உயிருக்குப் போராடுபவர் வாங்கிய குழலைத் திருப்பித் தரமாட்டார். ஒருவருக்கு வந்த ஆபத்து இருவருக்கானது. 1970களில் ‘ஆக்டோபஸ்’ எனப்படும் இரண்டாவது வாய்க்குழல் பரவிய பிறகு, பெரும்பாலான அமைப்புகள் பழைய முறையைத் தொடக்கநிலைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டன. அந்த மஞ்சள் குழல் கழுத்துக்கும் இடுப்புக்கும் இடையே, எட்டிப் பிடிக்கும் இடத்தில், ஒரு இழுப்பில் கழன்று வரும்படி மாட்டியிருக்க வேண்டும். மிதப்பைக் கட்டுப்படுத்தக் காற்றேற்றும் பி.சி.டி. ஜாக்கெட்டின் பையில் செருகியோ மணலில் இழுபட்டோ கிடந்தால் அது இருந்தும் இல்லாததுதான்.

கால் திருப்பு வால்வு

கருவிக் கோளாறு என்று பதிவாவதில் பல, பொருத்தியதிலும் சரிபார்த்ததிலும் நேர்ந்த பிழைகள். அதில் மிகச் சாதாரணமானது சிலிண்டர் வால்வு.

வால்வை முழுக்கத் திறந்து, பிறகு கால் சுற்றுத் திருப்பி வைக்க வேண்டும் என்று வெகுகாலம் கற்பித்தார்கள். படகில் உதவிக்கு வரும் ஒருவர், அது ஏற்கெனவே திறந்திருக்கிறது என்று தெரியாமல் எதிர்ப்பக்கம் முழுக்கத் திருப்பி மூடிவிட்டு, பழக்கத்தில் கால் சுற்றுத் திறந்து வைப்பார். இப்போது வால்வு ஒரு மயிரிழைதான் திறந்திருக்கிறது. படகில் ஊசி 200 காட்டும். மூச்சிழுத்தால் காற்று தாராளமாக வரும். கரைமட்டத்தில் ஒரு மூச்சுக்குத் தேவையான காற்று குறைவு. 20 மீட்டரில் அதே மூச்சுக்கு மூன்று மடங்கு காற்று அந்தச் சிறு இடுக்கில் வர வேண்டும். வராது. இழுக்க இழுக்க இறுகும், பதற்றத்தில் இன்னும் வேகமாக இழுப்பார், இன்னும் இறுகும். சிலிண்டர் நிறையக் காற்று இருக்க, ‘காற்றில்லை’ என்று நினைத்து மேலே பாய்வார்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. படகில் உட்கார்ந்து பிரஷர் கேஜைப் பார்த்தபடியே வாய்க்குழலில் நான்கு முழு மூச்சு இழுக்க வேண்டும். ஊசி அசையாமல் நின்றால் சரி. ஒவ்வொரு இழுப்புக்கும் ஊசி விழுந்து எழுந்தால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. இதனால் இன்று பலரும் வால்வை முழுக்கத் திறந்து அப்படியே விடுகிறார்கள்: முழுக்கத் திறந்தது அல்லது முழுக்க மூடியது, நடுவில் எதுவும் வேண்டாம்.

தண்ணீரில் குதிக்கும் முன் ஜோடியாகச் செய்யும் சோதனையில் இது ஐந்தில் ஒன்று. ஜாக்கெட்டில் காற்று ஏறி இறங்குகிறதா, மூழ்குவதற்காகக் கட்டும் ஈயக்கட்டி எங்கே எவ்வளவு, எந்தக் கொக்கி எப்படிக் கழலும், காற்று, கடைசியாகத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை. இரண்டு நிமிட வேலை. தன்னுடையதைத் தானே பார்த்துக்கொண்டால் போதாது. ஜோடியின் ஈயப்பட்டை எந்தக் கையால் எப்படிக் கழற்றப்படும் என்று இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதைக் கழற்ற வேண்டிய நேரத்தில் அவருக்கு நினைவிருக்காது.

ஈயம்

இறந்தவர்களில் பலரை ஈயக்கட்டியோடேயே மீட்டார்கள் என்பது ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா என எங்கே ஆராய்ந்தாலும் திரும்பத் திரும்ப வரும் செய்தி. நீர்மட்டத்துக்கு வந்துவிட்டார், மிதக்க முடியவில்லை, ஈயத்தைக் கழற்றவில்லை, மறுபடி கீழே போய்விட்டார். நீர்மட்டத்தில் தடுமாறும்போது செய்ய வேண்டியது இரண்டே: ஜாக்கெட்டில் காற்றடைப்பது, ஈயத்தைக் கைவிடுவது. ஒரு வெயிட் பெல்ட்டின் விலையை நினைத்துத் தயங்கக் கூடாது என்று வகுப்பிலேயே வாய்விட்டுச் சொல்லி, உண்மையாகவே கழற்றிப் போடவைத்துப் பழக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் நடக்கும் தவறு, தேவைக்கு மேல் ஈயம் கட்டுவது. மாணவர் குளத்தின் அடியில் அசையாமல் மண்டியிட்டு உட்கார வேண்டும் என்பதற்காக இரண்டு மூன்று கிலோ கூடுதலாகக் கட்டிவிடுகிறார்கள். பயிற்றுநருக்கு வகுப்பு நடத்த எளிது. மாணவருக்கு அதுவே பழக்கமாகிவிடுகிறது. கூடுதல் ஈயத்தைச் சமன் செய்ய ஜாக்கெட்டில் கூடுதல் காற்று வேண்டும். அந்தக் காற்று, ஏறும்போது விரிந்து அவரை மேலும் மேலே தள்ளும். கொஞ்சம் ஏறினால் வேகமாக ஏறுவார், கொஞ்சம் இறங்கினால் வேகமாக இறங்குவார்.

சரியான அளவைக் கண்டுபிடிக்கும் முறை: முழு உடுப்போடு நீரில் நின்று, ஜாக்கெட்டின் காற்றை முழுக்க விட்டு, சாதாரண மூச்சை ஒரு கணம் நிறுத்தினால் கண்மட்டம் வரை மிதக்க வேண்டும், மூச்சை விட்டதும் மெதுவாக மூழ்க வேண்டும். இதைக் காலியாகப்போகும் சிலிண்டரோடு, டைவின் முடிவில் செய்வது நல்லது. காற்றுக்கும் எடை உண்டு. 150 பார் செலவானால் சுமார் 2 கிலோ குறையும். முழுச் சிலிண்டரோடு அளந்தால் அந்த 2 கிலோவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கடைசியில் 5 மீட்டரில் நிற்க முடியாமல் பந்துபோல மேலே போய்விடுவார்.

மண்டியிட்டுக் கற்பதில் இன்னொரு கேடும் உண்டு. மாஸ்கில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது, வாயிலிருந்து நழுவிய குழலைத் தேடி எடுப்பது எல்லாம் தரையில் முட்டி பதிந்திருக்கும்போது வந்துவிடும். கடலில் தரை இருக்காது. மூக்கில் தண்ணீர் பட்டதும் உடல் தானாக மூக்கால் இழுக்கும், புரையேறும், அடுத்த நொடி மேலே ஓடச் சொல்லும். மாஸ்கைக் கழற்றி மாட்டும் பயிற்சியை எல்லா மாணவரும் வெறுக்கிறார்கள். மேலே பாய்ந்து நுரையீரல் கிழிவதைத் தடுப்பது அந்தப் பயிற்சிதான். ஒருமுறை ஒப்பேற்றினால் ‘டிக்’ போட்டுவிட்டுப் போகக் கூடாது. மிதந்தபடி, ஆழம் மாறாமல், பதறாமல் செய்யும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நல்ல பயிற்றுநர்கள் முதல் வகுப்பிலிருந்தே மிதந்தபடிதான் கற்பிக்கிறார்கள்.

படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதும் பொய்

இதயக் காரணம் 26 சதவீதம் என்பதை இளைஞர்கள் கடந்துபோகலாம். நாற்பது தாண்டியவர்கள் நின்று பார்க்க வேண்டும். கழுத்தளவு நீரில் இறங்கியதுமே கைகால்களில் இருந்த ரத்தத்தில் அரை லிட்டருக்கு மேல் நெஞ்சுக்கு நகர்கிறது. இதயத்துக்கு அது கூடுதல் சுமை. அதன்மேல் குளிர், நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவது, பயம். கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவருக்கு நீருக்குள்ளேயே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு.

பதிவு செய்யும்போது கொடுக்கும் மருத்துவக் கேள்விப் படிவம் இதற்காகத்தான். ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவர் கையெழுத்து வேண்டும், பயணம் தள்ளிப்போகும். அதனால் ஆஸ்துமா உள்ளவர், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர், ஸ்டென்ட் வைத்தவர் எல்லோரும் ‘இல்லை’ என்று எழுதுகிறார்கள். சில இடங்களில் ஊழியர்களே அப்படி எழுதச் சொல்லித் தருகிறார்கள். அப்படிச் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

உயிரைப் பறிக்காவிட்டாலும் மிக அதிகமாக நேரும் காயம் காதில்தான். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சமன் செய்வதை நீரில் தலை முங்கிய உடனே தொடங்கி, அரை மீட்டருக்கு ஒருமுறை, வலி வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். வலித்தபின் ஊதினால் திறக்காது. ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயல வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்று இறங்கக் கூடாது.

15 நிமிட ‘டிஸ்கவர்’

அந்தமான், புதுச்சேரி, முருதேஸ்வரம் என்று சுற்றுலா போகும் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் செய்வது பயிற்சி வகுப்பு அல்ல. ‘நீச்சல் தெரிய வேண்டாம்’ என்று விளம்பரம் செய்யப்படும் அறிமுக டைவ். இது முறைப்படி நடந்தால் பாதுகாப்பானதே. 12 மீட்டருக்குக் கீழே போகாது, பெரும்பாலும் 5, 6 மீட்டர்தான். ஆனால் இங்கே டைவரிடம் எந்தத் திறமையும் இல்லை. அவர் உயிர் முழுக்கப் பயிற்றுநரின் கையில் இருக்கிறது. ஆகவே இதில் ஒரே ஒரு கேள்விதான் முதன்மையானது: என்னோடு வருபவருக்கு எத்தனை பேர்?

நீச்சல் தெரியாதவருக்கு ஒருவருக்கு ஒருவர். அதைவிடக் கூடுதலாகச் சொன்னால் வேண்டாம். சிலிண்டரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர், படம் எடுக்க வேறொருவர் என்று இருக்க வேண்டும். பிடித்திருப்பவரே கேமராவையும் இயக்கக் கூடாது. இறங்கும் முன் இடுப்பளவு நீரில் மூன்றைச் செய்து காட்டச் சொல்ல வேண்டும்: குழலில் மூச்சுவிடுதல், குழலை எடுத்து மாட்டுதல், மாஸ்கில் புகுந்த நீரை வெளியேற்றுதல். ‘நேரமில்லை, கீழே போனால் பழகிவிடும்’ என்றால் அங்கே முடித்துக்கொள்ளலாம். உங்களை அழைத்துப் போகிறவர் எந்த அமைப்பின் பயிற்றுநர், இந்த ஆண்டு பயிற்றுவிக்கும் தகுதியில் இருக்கிறாரா என்று அந்த அமைப்பின் இணையதளத்திலேயே பார்க்க முடியும்.

படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம், ஆனால் நிறுவனத்தின் தரத்தை ஒரே நிமிடத்தில் காட்டும் கேள்வி அதுதான். சிலிண்டர் இருக்கும், அதைத் திறக்கும் சாவி இருக்காது. சாவி இருக்கும், முகமூடி இருக்காது. குமிழால் பாதிக்கப்பட்ட டைவருக்கு முதன்மையான முதலுதவி: படுக்கவைத்து, நிமிடத்துக்கு 15 லிட்டர் அளவில், கலப்பில்லாத ஆக்சிஜன்.

ஆளெண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் ஓர் அமெரிக்கத் தம்பதி நீருக்குள் இருக்கும்போதே படகு கரைக்குத் திரும்பிவிட்டது. அவர்கள் பை படகிலேயே கிடப்பதைக் கண்டு இரண்டு நாள் கழித்துத்தான் தேடத் தொடங்கினார்கள். உடல்கள் கிடைக்கவே இல்லை. தலைகளை எண்ணிக் கூட்டும் முறை அன்று தவறியது. அதன்பின் குயின்ஸ்லாந்து மாநிலம் விதிகளை இறுக்கியது. இறங்கிய நேரம், ஏறிய நேரம், ஆழம் எல்லாம் பெயர்வாரியாகப் பதிவேட்டில் ஏற வேண்டும். டைவர் கையெழுத்திட வேண்டும். ‘பதினெட்டுப் பேர் சரி’ என்று எண்ணிச் சொல்வது போதாது. பெயரைக் கூப்பிட்டு, ஆள் குரல் கொடுத்து, எழுத்தில் ஏற வேண்டும்.

நைட்ரஜன் கணக்கு

அழுத்தத்தில் சுவாசித்த நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக ஏறினால் நுரையீரல் வழியே வெளியேறும். வேகமாக ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல உடலுக்குள் குமிழ் விடும். பிரிட்டிஷ் உடலியலாளர் ஜே. எஸ். ஹால்டேன் 1908இல் ஆடுகளை வைத்துச் சோதித்து, எப்படி ஏற வேண்டும் என்று சொல்லும் முதல் அட்டவணைகளை வெளியிட்டார். அமெரிக்கக் கடற்படை நிமிடத்துக்கு 18 மீட்டர் வரை ஏறலாம் என்று வைத்திருந்ததை 1993இல் 9 மீட்டராகக் குறைத்தது. இன்று டைவ் கம்ப்யூட்டர் இதைக் கணக்கிட்டு ஒலியெழுப்பும். ஒவ்வொருவர் கையிலும் ஒன்று இருக்க வேண்டும். வழிகாட்டியின் கம்ப்யூட்டர் வழிகாட்டியின் ஆழத்துக்குத்தான் கணக்குப் போடும், இரண்டு மீட்டர் கீழே நீந்தும் உங்களுக்கு அல்ல.

அந்தமான் போகிறவர்கள் விமான நேரத்தைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். பல டைவ், பல நாள் என்றால் 18 மணி நேரம் கழித்தே விமானம். கடைசி நாள் காலையில் டைவ், மாலையில் சென்னை விமானம் என்ற திட்டம் கூடாது.

ஆழத்தின் வரம்பும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. உலகெங்கிலுமிருந்து டைவர்கள் அதைத் தேடி வருகிறார்கள். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். 50 மீட்டரில் அழுத்தம் 6 பார். 20 லிட்டர்காரருக்கு நிமிடத்துக்கு 120 லிட்டர். ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதை போன்ற மயக்கத்தில் ஊசியைப் பார்த்தாலும் எண் மனதில் ஏறாது. நிறுத்தமில்லாமல் ஏறிவர அங்கே கிடைப்பது சில நிமிடங்களே. தொழில்நுட்ப டைவிங் பயிற்சியும், இரட்டைச் சிலிண்டரும், நிறுத்தங்களுக்கான தனிக் காற்றும் இல்லாதவருக்கு அது இடமல்ல, எத்தனை டைவ் செய்திருந்தாலும்.

அட்டை இல்லாதவர்கள்

இந்தத் தரங்கள் எவையும் எட்டாத டைவர்கள் நம் கடலில்தான் இருக்கிறார்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்குபவர்களும், தமிழகக் கரையில் படகிலிருக்கும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்றிழுத்துச் சங்கெடுப்பவர்களும் யாரிடமும் முறையாகக் கற்றவர்கள் அல்லர். ஒரே நாளில் பல சிலிண்டர் தீர்க்கிறார்கள். கையில் கம்ப்யூட்டர் இல்லை. மாலையில் முட்டியும் தோளும் வலிப்பதை உழைப்பின் வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துப் படுத்து, காலையில் கால் எழாமல் போனவர்கள் உண்டு. பொழுதுபோக்கு டைவர்களுக்காக எழுதப்பட்ட தரங்கள் இவர்களைக் கணக்கில் எடுக்கவே இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இவர்களுக்குச் செலவில்லாமல் சொல்லக்கூடியவை சில இருக்கின்றன. நாளின் முதல் இறக்கம் ஆழமானதாக, அடுத்தடுத்தவை ஆழம் குறைந்தவையாக இருக்கட்டும். தான் விட்ட குமிழ்களில் மிகச் சிறியதை முந்தாத வேகத்தில் ஏற வேண்டும். 5 மீட்டரில், நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி மூன்று நிமிடமாவது நிற்க வேண்டும். ஆழமாகவோ நெடுநேரமோ வேலை செய்திருந்தால் இன்னும் அதிகம். இரண்டு சிலிண்டருக்கு இடையே ஒரு மணி நேரம் படகில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். கம்ப்ரசரின் காற்றிழுக்கும் வாய் இன்ஜின் புகைக்கு எதிர்த்திசையில், உயரத்தில் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கீழே தலைவலியாக வந்து ஏறும்போது மயக்கமாக முடியும்.

ஏறியபின் மரத்துப்போதல், மூட்டுவலி, சிறுநீர் இறங்காமை, நடை தள்ளாடுதல் எது வந்தாலும் ‘மறுபடி கீழே போய் இருந்தால் சரியாகிவிடும்’ என்று இறங்கக் கூடாது. கீழே மயங்கினால் தூக்க ஆளிருக்காது. படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்தபடியே அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலும் அது கடற்படை மருத்துவமனையாக இருக்கும். அங்கே 18 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்தில் தொடங்கி, ஆக்சிஜனும் இடையிடையே காற்றும் கொடுத்து, ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் அழுத்தத்தை மெல்ல மெல்ல இறக்குவார்கள். முதல் சில மணி நேரத்துக்குள் போய்ச் சேர்பவருக்குக் கால் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அந்த மருத்துவமனையின் தொலைபேசி எண் படகின் உட்பக்கத்தில், பெயிண்டால், பெரிதாக எழுதியிருக்க வேண்டும்.